ரோஸியைத் தண்ணீரில் இறக்குவதற்கு முன்

கேள்வி: எங்கள் லாப்ரடார் ரோஸிக்கு 7 வயது, எடை 36 கிலோ. இடது பின்னங்கால் முழங்காலில் லிகமென்ட் அறுந்துபோய், 5 வாரங்களுக்கு முன்பு எலும்பை வெட்டித் திருப்பித் தகடு பொருத்தும் அறுவை சிகிச்சை செய்தார்கள். தையல் பிரித்தாயிற்று. காலை ஊன்றுகிறாள், ஆனால் தொடை இளைத்துவிட்டது. தண்ணீர்ப் பயிற்சி கொடுத்தால் நல்லது என்று மருத்துவர் சொன்னார். இரண்டு இடங்களில் விசாரித்தோம். முதல் இடத்தில் பெரிய நீச்சல் குளம் இருக்கிறது. கடிதம் எதுவும் தேவையில்லை, நாளைக்கே கூட்டி வாருங்கள், பந்து போட்டு அரை மணி நேரம் நீந்த விடலாம் என்கிறார்கள். இரண்டாவது இடத்தில் கண்ணாடித் தொட்டிக்குள் டிரெட்மில் இருக்கிறது. மருத்துவரின் கடிதமும் எக்ஸ்ரேயும் இல்லாமல் தேதி தர மாட்டோம் என்கிறார்கள், முதல் நாள் தண்ணீரில் இறக்காமலும் போகலாம் என்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது? ரோஸிக்குக் குளிப்பதென்றாலே பயம். இந்தச் சிகிச்சை கட்டாயமா? வீட்டிலேயே தொட்டியில் நீர் நிரப்பிச் செய்ய முடியாதா?

பதில்: இரண்டாவது இடத்துக்குப் போங்கள். உங்களுக்கு இழுத்தடிப்பாகத் தெரிகிற அந்தக் கடிதமும் எக்ஸ்ரேயும்தான் அவர்களை நான் நம்புவதற்குக் காரணம். கால்நடை மருத்துவராக, அடிபட்ட நாய்களை மீண்டும் நடக்க வைக்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். ஒரு நிலையத்தை அதன் குளத்தின் நீளத்தைக் கொண்டோ கண்ணாடியின் பளபளப்பைக் கொண்டோ நான் கணிப்பதில்லை. நாய் தண்ணீரைத் தொடுவதற்கு முன்பு அவர்கள் என்னவெல்லாம் கேட்கிறார்கள், எந்தப் பதில் வந்தால் ‘இன்று வேண்டாம்’ என்று திருப்பி அனுப்புவார்கள் என்பதைக் கொண்டே கணிக்கிறேன். ரோஸியை ஒருமுறைகூடப் பார்க்காமல் அரை மணி நேரம் என்று குறித்துவிட்டவர்கள், அவளுடைய காலைப் பற்றி இன்னும் யோசிக்கத் தொடங்கவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

தண்ணீர் எப்படி உதவுகிறது என்பது புரிந்தால் இரண்டு இடங்களுக்கும் உள்ள வேறுபாடு விளங்கிவிடும். மூழ்கிய உடலை நீர் மேல்நோக்கித் தாங்குவதால் கால்களின் மேல் விழும் பாரம் குறைகிறது. எவ்வளவு குறைகிறது என்பது ஆழத்தைப் பொறுத்தது. நாய்களை நீரில் நிறுத்தி அளந்து 2010இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், பின்னங்காலின் கணுக்கால் வரை நீர் இருந்தபோது உடல் எடையில் 91 சதவீதம் கால்களின் மேல் இறங்கியது. முழங்கால் வரை இருந்தபோது 85 சதவீதம். இடுப்பு மூட்டு வரை உயர்ந்தபோது 38 சதவீதம். ரோஸியின் கணக்கில் பார்த்தால், முழங்கால் அளவு நீரில் அவள் ஏறத்தாழ 31 கிலோவைச் சுமப்பாள், இடுப்பளவு நீரில் 14 கிலோவைத்தான் சுமப்பாள். அவளுடைய முழங்காலுக்கும் இடுப்புக்கும் இடையே ஏறக்குறைய ஒரு சாண் உயரம்தான் இருக்கும்; அந்த ஒரு சாணுக்குள் பாரம் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. மாத்திரையின் அளவைப் போலத்தான் இங்கே நீரின் ஆழம். டிரெட்மில் தொட்டியில் அதை விரல் அளவில் கூட்டவும் குறைக்கவும் முடியும், பட்டையின் வேகத்தையும் அப்படியே மாற்ற முடியும். தரையே எட்டாத குளத்தில் அந்தப் பிடிமானம் சிகிச்சையாளரின் கைகளில் மட்டுமே இருக்கிறது; அவர் குளத்துக்குள் இறங்கவில்லையென்றால் அதுவும் இல்லை.

நீச்சலும் நீருக்குள் நடப்பதும் ஒரே பயிற்சி அல்ல என்பதையும் கவனியுங்கள். நீந்தும் நாய் முழங்காலை நன்றாக மடக்குகிறது. ஆனால் பாதத்தை ஊன்றி உடலை முன்னுக்குத் தள்ளும்போது காலுக்குக் கிடைக்கும் நீட்டம் நீச்சலில் கிடைப்பதில்லை. அறுவை சிகிச்சைக்குப் பின் ரோஸி மீண்டும் கற்றுக்கொள்ள வேண்டியதே அந்த ஊன்றலைத்தான். பல நாய்கள் நீந்தும்போது முன்னங்கால்களாலேயே இழுத்துக்கொண்டு போய்விடும், பழுதான பின்னங்கால் வயிற்றை ஒட்டி மடங்கிச் சும்மா இருக்கும். கரையிலிருந்து பார்க்கிறவருக்கு நாய் அருமையாக நீந்துவதாகத் தோன்றும். இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. உங்கள் நாய்க்குச் செய்த அறுவை சிகிச்சையில் எலும்பை வெட்டியிருக்கிறார்கள். அந்த வெட்டு கூடியிருக்கிறதா என்று பார்க்கும் எக்ஸ்ரே வழக்கமாக 8 வாரத்தை ஒட்டி எடுக்கப்படும். 5 வாரத்தில் பெரும்பாலும் தகடும் திருகாணிகளும்தான் எலும்பைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. தண்ணீரைக் கண்டு மிரள்கிற 36 கிலோ நாய் ஆழக் குளத்தில் திமிறி உதைக்கும்போது அந்தக் காலுக்கு என்ன விசை போகிறது என்பதை யாராலும் கட்டுப்படுத்த முடியாது. எலும்பு கூடிய பிறகு குளத்துக்கும் இடம் உண்டு. நீச்சலை நான் ஒதுக்கவில்லை, அதன் வரிசையைத்தான் மாற்றச் சொல்கிறேன்.

இனி அந்தக் கடிதம். நீரின் அழுத்தம் ஆழத்தோடு கூடுகிறது. 30 சென்டிமீட்டர் ஆழத்தில் அது ஏறத்தாழ 22 மில்லிமீட்டர் பாதரச அளவு (இரத்த அழுத்தத்தைச் சொல்லும் அதே அலகு). வீங்கிய காலுக்கு அந்த அழுத்தம் நல்லது, வீக்கத்தை வடியச் செய்கிறது. அதே அழுத்தம் மார்பைச் சுற்றியும் அமுக்குவதால் ஒவ்வொரு மூச்சுக்கும் நாய் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது, கால்களிலிருந்து இதயத்துக்குத் திரும்பும் இரத்தமும் அதிகரிக்கிறது. நல்ல இதயம் அதைப் பொருட்படுத்தாது. கட்டுக்குள் வராத இதய நோய் உள்ள நாய்க்கு அதுவே ஆபத்து. அடங்காத வலிப்பு, காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, ஆறாத புண், தோல் தொற்று, காதுச் சீழ், நிலைப்படாத எலும்பு முறிவு, திடீரென வந்த முதுகுத்தண்டு வட்டுப் பிதுக்கம் ஆகிய எது இருந்தாலும் தண்ணீரைத் தள்ளிப்போடுவார்கள். பெண் நாய் என்பதால் சினைப்பருவக் காலத்திலும் அனுமதிக்க மாட்டார்கள். இவற்றில் பலவற்றை வாசலில் நின்று பார்த்துச் சொல்ல முடியாது, நாயைத் தொடர்ந்து பார்த்துவரும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

லாப்ரடார் என்பதால் இரண்டு கேள்விகளுக்கு நீங்களே யோசித்துப் பதில் வைத்திருங்கள். ரோஸியின் குரைப்பு அண்மையில் கம்மியிருக்கிறதா, சற்று நடந்தாலே மூச்சில் கரகரப்பு கேட்கிறதா? வயதாகும் லாப்ரடார்களில் குரல்வளை சரியாகத் திறக்காமல் போகும் செயலிழப்பு கொஞ்சம் சகஜம். அப்படிப்பட்ட நாய்க்கு நீர் மூச்சுக்குழாய்க்குள் போகும் வாய்ப்பு அதிகம் என்பதால் நீந்தவிடவே கூடாது. அடுத்து, இளம் வயதிலிருந்து எப்போதாவது ஆவேசமாகப் பந்து விளையாடிய பின் பின்னங்கால்கள் துவண்டு விழுந்திருக்கிறாளா? உடற்பயிற்சியால் வரும் துவளல் என்று ஒரு பரம்பரைக் குறைபாடு இந்த இனத்தில் இருக்கிறது. அதற்குக் காரணமான மரபணு மாற்றம் 2008இல் கண்டறியப்பட்டது, அதற்கான பரிசோதனையும் உண்டு. தரையில் துவண்டால் சிறிது நேரம் படுத்திருந்து எழுந்துவிடக்கூடிய நாய், குளத்தின் நடுவே துவண்டால் மூழ்கிவிடும். முதல் நிலையத்தார் இவற்றில் எதையேனும் உங்களிடம் கேட்டார்களா?

நிலையத்துக்கு முதல்முறை போகும்போது ரோஸியை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். நாய் கூட இருந்தால் நம் கண் அதன் மேலேயே இருக்கும். உள்ளே நுழைந்ததும் மூக்கைப் பயன்படுத்துங்கள். குளோரின் வாடை கண்ணைக் கரிக்கும் அளவுக்கு அடித்தால் நீர் சுத்தமாக இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள்; உண்மை பெரும்பாலும் நேர்மாறானது. வியர்வை, சிறுநீர், முடி அழுக்கு ஆகியவற்றோடு குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமின்கள்தான் அந்த வாடைக்குக் காரணம். கிருமியைக் கொல்லும் குளோரின் அங்கே செலவாகிப் போயிருக்கலாம். நீர்ப் பரிசோதனைப் பதிவேட்டைக் காட்டுங்கள் என்று தயங்காமல் கேளுங்கள். கட்டற்ற குளோரின், அதாவது அழுக்கோடு சேராமல் மீந்திருக்கும் குளோரின், 1 முதல் 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அலகு) அளவிலும், நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஹெச் 7.2 முதல் 7.8 வரையிலும் இருப்பது பொதுவாக ஏற்கத்தக்கது. பிஹெச் 8ஐத் தாண்டினால், போட்ட குளோரினில் பெரும்பகுதி வேலை செய்யாமல் கிடக்கும். பதிவேட்டில் எண்கள் நாளுக்குப் பலமுறை, வெவ்வேறு கையெழுத்தில், சற்றே ஏறி இறங்கி இருக்க வேண்டும். ஒரு மாதம் முழுக்க ஒரே பேனாவில் ஒரே எண் எழுதப்பட்டிருந்தால், அது பரிசோதித்து எழுதியதாக இருக்காது.

வெப்பத்தையும் கேளுங்கள். சிகிச்சைக்கான நீர் பொதுவாக 28 முதல் 32 டிகிரி செல்சியஸ் வரை வைக்கப்படுகிறது. காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துவதால், குளிர்ந்த நீரில் தசைகள் விறைத்துக்கொள்ளும். அதற்காக வெந்நீர்த் தொட்டி போல வைப்பதும் தவறு. நாய் பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கிறது, வெதுவெதுப்பான நீரில் உழைக்கும்போது உடல் சூடு சீக்கிரம் ஏறிவிடும். இதே வெதுவெதுப்பு சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்களுக்கும் பிடித்தமானது. வடிகட்டியிலும் குழாய்களிலும் மிதவைச் சட்டைகளின் மடிப்புகளிலும் அவை படலமாக ஒட்டிக்கொண்டு வளர்ந்து, பிறகு நாயின் காதிலும் தோலிலும் வந்து சேரும். எனவே சட்டைகள் எங்கே, எப்படி உலர்த்தப்படுகின்றன என்று பாருங்கள். மூலையில் ஈரமாகக் குவிந்து கிடந்தால் எனக்கு அந்த இடம் பிடிக்காது.

நான் போகும் இடங்களில் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது: “கடைசியாக ஒரு நாய் தண்ணீரில் மலம் கழித்தபோது என்ன செய்தீர்கள்?” நாய்கள் வந்துபோகும் குளத்தில் அது நடக்காமல் இருக்காது. நல்ல நிலையத்தில் உடனே விவரம் வரும்: குளத்தை மூடினோம், அள்ளினோம், குளோரினை உயர்த்தினோம், இத்தனை மணி நேரம் கழித்துச் சோதித்தோம், அன்றைய மற்ற முன்பதிவுகளை ரத்து செய்தோம் என்று சொல்வார்கள். ‘எங்களிடம் அப்படி நடந்ததே இல்லை’ என்ற பதில் வந்தால் நான் கிளம்பிவிடுவேன். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி முறையாகக் குளோரின் இட்ட நீரிலும் நாட்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால்தான் வயிற்றுப்போக்கு உள்ள நாயை ஒரு நாள் ‘பரவாயில்லை’ என்று விடுவதுகூடக் கூடாது என்கிறோம்.

பிறகு, வேறொரு நாய்க்குச் சிகிச்சை நடக்கும்போது அதன் உரிமையாளர் சம்மதித்தால் ஓரமாக நின்று பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு நாய்தான் நீரில் இருக்க வேண்டும். குளமென்றால் சிகிச்சையாளர் கூடவே நீருக்குள் நின்று நாயைத் தாங்க வேண்டும். முதுகில் பிடியுள்ள மிதவைச் சட்டை நாயின் மீது பொருத்தமாக இருக்க வேண்டும், கழுத்தை நெருக்கவும் கூடாது, காதுவரை ஏறவும் கூடாது. இறங்கும் சரிவுப்பாதை வழுக்காமல் இருக்கிறதா, முன்னும் பின்னும் குளிப்பாட்ட இடம் இருக்கிறதா, டிரெட்மில்லை உடனே நிறுத்தும் பொத்தான் கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறதா, நாய்க்கு மூச்சு நின்றால் முதலுதவி செய்யத் தெரிந்தவர் அந்த நேரத்தில் கட்டடத்தில் இருக்கிறாரா, அவசரத்துக்கு எந்த மருத்துவமனை, அது எவ்வளவு தூரம் என்பவற்றையெல்லாம் நீங்கள் கேட்டால் அவர்கள் முகம் சுளிக்கக் கூடாது.

சான்றிதழ் விஷயத்தில் சற்று விழிப்பாக இருங்கள். நாய்களுக்கான நீர்ச்சிகிச்சையாளர் என்ற பெயரைப் பல நாடுகளில் சட்டம் பாதுகாப்பதில்லை. குளம் கட்டியவர் எவரும் அப்படிப் பலகை மாட்டிக்கொள்ளலாம். பிரிட்டனில் இத்துறைக்கென்று உறுப்பினர் சங்கங்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் டென்னசி பல்கலைக்கழகம் நாய்களின் மறுவாழ்வுச் சிகிச்சைக்கு ஒரு சான்றிதழ்ப் படிப்பை வைத்திருக்கிறது. உங்கள் நிலையத்தார் எங்கே படித்தார்கள், படிப்பு எத்தனை நாள், அதில் உண்மையான நாய்களோடு எவ்வளவு பயிற்சி என்று கேளுங்கள். வார இறுதியில் இணையவழியில் முடித்த சான்றிதழும் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் அழகாகத்தான் தெரியும். அவர்கள் உங்கள் மருத்துவருக்கு எழுத்தில் அறிக்கை அனுப்புகிறார்களா என்பதைத்தான் நான் சான்றிதழுக்கும் மேலாக மதிக்கிறேன். தன் வேலையை இன்னொரு மருத்துவர் படித்துப் பார்ப்பார் என்று தெரிந்தவர் கவனமாகவே இருப்பார்.

பந்து போட்டு நீந்த விடுவதாக முதல் நிலையத்தார் சொன்னதைப் படித்தபோது எனக்குப் பழைய சம்பவம் ஒன்று நினைவுக்கு வந்தது. நான் வேலைக்கு வந்த புதிதில், ஒரு குளத்தில் துடிப்பான ஒரு நாய்க்குப் பந்தெறிந்துகொண்டிருந்தேன். அது களைப்பே காட்டவில்லை, நானும் நிறுத்தவில்லை. ஒவ்வொரு முறையும் வாயைத் திறந்தபடி பாய்ந்து பந்தைக் கவ்வியபோது அது எவ்வளவு தண்ணீர் விழுங்கியது என்பதை நான் கவனிக்கவே இல்லை. கரையேறியபோது வயிறு உப்பியிருந்தது, விளையாட்டுக் களைப்பு என்று நினைத்தேன். ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி, வழியும் எச்சில், குடித்தவர் போலத் தள்ளாடும் நடை, விரிந்து நிலைத்த கண்மணிகள். அளவுக்கு மீறி விழுங்கிய நீர் இரத்தத்தில் உள்ள சோடியத்தை நீர்க்கச் செய்து மூளையை வீங்கச் செய்திருந்தது. இரண்டு இரவு மருத்துவமனையில் இருந்து அந்த நாய் பிழைத்தது. பிழைக்காமல் போகும் நாய்களும் உண்டு. அன்றிலிருந்து நீரில் பந்து தேவைப்பட்டால், வாயை அகலத் திறக்க வைக்காத தட்டையான பொம்மையை, இரண்டு மூன்று முறைக்கு மேல் எறியாமல், ஒவ்வொரு முறையும் நாயை ஓய்வெடுக்க வைத்தே பயன்படுத்துகிறேன். ரோஸி நீரில் இறங்கிய நாளில் இந்த அறிகுறிகளில் எது தெரிந்தாலும் காலைவரை காத்திருக்காதீர்கள்.

ஒழுங்கான முதல் அமர்வு எப்படி இருக்கும் என்பதைச் சொன்னால் உங்களுக்கு ஒப்பிட வசதியாக இருக்கும். சிகிச்சையாளர் முதலில் ரோஸியைத் தரையில் நடக்கவிட்டு முன்னிருந்தும் பின்னிருந்தும் பார்ப்பார். தையல்காரரின் அளவு நாடாவை எடுத்து இரண்டு தொடைகளையும் ஒரே உயரத்தில் சுற்றி அளந்து எழுதிக்கொள்வார். முழங்கால் எவ்வளவு மடங்குகிறது, நீள்கிறது என்பதைக் கோணமானியால் குறிப்பார். பிறகு காலித் தொட்டிக்குள் அவளைக் கூட்டிப்போய், கதவைத் திறந்தே வைத்து, நிற்க வைத்து, தடவிக்கொடுத்து வெளியே கூட்டி வருவார். பயந்த நாய்க்கு அன்றைய பாடம் அவ்வளவோடு முடிந்துவிடலாம். அடுத்த முறை நீர் மெல்ல ஏறும். பாதத்தைத் தொட்டதும் ஒரு காலைத் தூக்கிக்கொள்வாள், அவள் அதை மீண்டும் ஊன்றும்வரை நீர் நிற்கும். இடுப்பை ஒட்டி நீர் வந்ததும் பட்டை மிக மெதுவாக நகரத் தொடங்கும். முதலில் முன்னங்கால்கள் இரண்டு அடி வைக்கும், பின்பகுதி பின்தங்கும், பிறகு வலது பின்னங்கால் வரும், கடைசியில் இடது கால் விரல் நுனியை மட்டும் தொட்டுவிட்டு மேலே போகும். கண்ணாடி வழியாக அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டிருங்கள். நாலைந்து அடிக்குப் பிறகு விரல் நுனிக்குப் பதிலாக உள்ளங்கால் மெத்தை முழுவதும் பட்டையில் பதியும் ஒரு கணம் வரும். அதற்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும். முதல் நாளில் ஒன்றிரண்டு நிமிட நடை, ஓய்வு, மீண்டும் ஒன்றிரண்டு நிமிடம் என்று மொத்தம் ஐந்து நிமிடத்தைத் தாண்டாவிட்டாலும் பணம் வீணானதாக எண்ணாதீர்கள்.

அமர்வு முழுவதும் நீங்கள் பார்க்கும்படி நிற்க வேண்டும். ‘உரிமையாளர் இருந்தால் நாய் ஒத்துழைக்காது, வெளியே உட்காருங்கள்’ என்பதை நான் ஏற்பதில்லை. நாக்கு அகன்று நுனி மேலே சுருண்டு தொங்கினால், ஈறு செங்கல் நிறத்துக்குப் போனால், கண்ணின் வெள்ளை தெரிய அங்குமிங்கும் பார்த்தால், உடல் ஒருபக்கமாகச் சாயத் தொடங்கினால் அவள் களைத்துவிட்டாள் அல்லது மிரண்டுவிட்டாள். அதைச் சிகிச்சையாளர் உங்களுக்கு முன்பே கவனித்திருக்க வேண்டும்; கவனிக்கவில்லையென்றால் நிறுத்துங்கள் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

வீட்டுக்கு வந்தபின் காது மடல்களைத் துடைத்து நன்றாக உலர்த்துங்கள். அன்றிரவு இருமல் தொடர்ந்தாலோ மூச்சு வேகமாக இருந்தாலோ நீர் நுரையீரலுக்குள் போயிருக்கலாம், உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். மறுநாள் வால் அடியிலேயே தளர்ந்து தொங்கி, தொட்டால் வலித்தால் பதறவேண்டாம். நீந்திய லாப்ரடார்களுக்கு வால் தசைப்பிடிப்பு வருவதுண்டு, பெரும்பாலும் சில நாட்களில் சரியாகிவிடும், ஆனாலும் மருத்துவரிடம் சொல்லிவையுங்கள். மறுநாள் நொண்டல் கூடியிருந்தால் முந்தைய நாள் பயிற்சி அதிகமாகிவிட்டது என்று பொருள். அதை அடுத்த அமர்வுக்கு முன்பு சிகிச்சையாளரிடம் சொல்லுங்கள், மறைக்காதீர்கள்.

கட்டாயமா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. கயிற்றில் பிடித்து மெதுவாக நடத்துவது, உட்கார்ந்து எழ வைப்பது, தாழ்ந்த தடிகளைத் தாண்ட வைப்பது போன்ற தரைப் பயிற்சிகளாலேயே இந்த அறுவை சிகிச்சையிலிருந்து நன்றாக மீண்ட நாய்கள் ஏராளம். தண்ணீர் அந்தப் பாதையைச் சிலருக்கு எளிதாக்குகிறது, அவ்வளவே. பொறுமையாகப் பழக்கியும் மூன்று நான்கு வருகைக்குப் பிறகு ரோஸி நடுங்கிக்கொண்டே இருந்தால், விட்டுவிட்டுத் தரைப் பயிற்சியைக் கேளுங்கள். பயத்தில் தசைகளை இறுக்கிக்கொண்டு செய்யும் நடையால் தொடை வளராது. நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: வளர்ந்த பெண் லாப்ரடாரின் எடை வழக்கமாக 25 முதல் 32 கிலோவுக்குள் இருக்கும். விலா எலும்புகளைக் கையால் தடவிப் பாருங்கள். மெல்லிய போர்வைக்கு அடியில் இருப்பது போலத் தட்டுப்படாமல், மெத்தைக்கு அடியில் தேட வேண்டியிருந்தால், மருத்துவரின் யோசனையோடு எடையைக் குறைப்பது எந்தத் தொட்டியைவிடவும் அவளுக்கு உதவும். ஒரு முழங்காலில் லிகமென்ட் அறுந்த நாய்களில் கணிசமானவற்றுக்கு மறுகாலிலும் அறுகிறது. அந்த மறுகால்தான் இப்போது கூடுதல் பாரத்தைச் சுமந்துகொண்டிருக்கிறது.

வீட்டுத் தொட்டி வேண்டாம். வழுக்கும் தரையில் மிரண்ட நாய் ஒருமுறை கால் பிரிந்து விழுந்தால், ஐந்து வாரமாகக் காத்து வந்தது போய்விடும். தொட்டியில் நிற்க மட்டுமே முடியும், நடக்க முடியாது என்பதால் பயனும் குறைவு. ஏரி, குளங்களும் இப்போதைக்கு வேண்டாம். அடி மட்டம் தெரியாது, நீரோட்டம் தெரியாது, பச்சையாகப் படர்ந்த நீலப்பச்சைப் பாசி இருந்தால் சில மடக்கு நீரே நாயின் கல்லீரலையோ நரம்புகளையோ தாக்கிக் கொல்லக்கூடும்.

இருபது அமர்வுக்கு முன்பணம் கட்டினால் சலுகை என்று எந்த நிலையம் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை அதே நாடாவால் அளந்து, அதே இடத்தில் நடக்கவிட்டுப் பார்த்து, தொடை வளர்ந்திருக்கிறதா என்பதைக் கொண்டே தொடர்வதா என்று முடிவெடுக்க வேண்டும். முன்கூட்டியே விற்றுவிட்ட அமர்வை ‘இனித் தேவையில்லை’ என்று சொல்ல யாருக்கும் மனம் வராது.

இந்த வாரம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். அறுவை சிகிச்சை செய்தவரிடம் கடிதமும் எக்ஸ்ரே பிரதியும் வாங்குங்கள். நீர் டிரெட்மில்லை இப்போதே தொடங்கலாமா, அடுத்த எக்ஸ்ரே வரை பொறுக்க வேண்டுமா, நீச்சலை எப்போது யோசிக்கலாம் என்ற மூன்றையும் அந்தக் கடிதத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். தற்போது கொடுக்கும் மருந்துகளின் பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். போகும் நாளில் மூன்று மணி நேரத்துக்கு முன்பே உணவை நிறுத்திவிடுங்கள், உள்ளே நுழைவதற்கு முன்பு வெளியே நடத்தி மலஜலம் கழிக்க வையுங்கள், அவளுக்குப் பழக்கமான துண்டு ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். பார்த்துவிட்டு ‘இன்று தண்ணீர் வேண்டாம்’ என்று அவர்கள் சொன்னால், அந்தத் துண்டை நனையாமலேயே திருப்பிக் கொண்டு வாருங்கள்; அடுத்த தேதியை மட்டும் மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.